சுவரோரம் மூன்று கருநீல வண்டிகள்

இல்மரி காதை வைத்துப் பிழைக்கிறவன். ஏரிக்கரை ஊர்களின் மண்சாலைகளைக் கோடையில் கிரேடர் இயந்திரத்தால் சுரண்டிச் சமன்படுத்துவதும் குளிர்காலத்தில் பனி தள்ளுவதும் அவன் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே வேலைதான். அடுப்படியில் காப்பி குடித்துக்கொண்டே, மூடிய சன்னலுக்கு வெளியே போகிற கார் யாருடையது, அதில் எந்த பெல்ட் தளர்ந்திருக்கிறது, எந்த மாதம் வழியில் நின்றுபோகும் என்று சொல்லிவிடுவான். சொன்னால் சொன்னதுதான். பழைய கார் வாங்குகிறவர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போய் என்ஜின் பக்கத்தில் நிறுத்துவார்கள். கண்ணை மூடிக் கேட்பான். பிறகு "வேணாம்" என்பான், இல்லையென்றால் தலையாட்டுவான். அதற்கு மேல் அவனிடம் பேச்சை எதிர்பார்க்கிறவன் ஊருக்குப் புதியவனாக இருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட மனிதனுக்கு நாற்பத்து மூன்றாம் வயதில், ஜூலை மாதம் ஒரு விடியற்காலை நாலு பத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையில் தாதி குழந்தையைக் கையில் கொடுத்தபோது, கொதிக்கிற பாத்திரத்தைத் துணி இல்லாமல் பிடித்தவன் மாதிரி நின்றான். அன்றிலிருந்து பத்து வாரமாக அப்படித்தான் நிற்கிறான்.

பெயரைத் தேர்ந்தெடுத்தது அவன் மனைவி ரீக்கா. ஆமு என்று வைத்தாள். எங்கள் மொழியில் விடியற்காலை என்று அர்த்தம். பெயர் சூட்டும் நாள் வரைக்கும் அதைப் பெற்றவர்கள் இருவரும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். அதுவரை மற்றவர்களுக்குக் குழந்தை வெறும் 'சின்னது'தான். உடன்பிறந்தவர்களுக்குக்கூடச் சொல்வதில்லை. விழா அடுத்த ஞாயிறு. இந்தப் பத்து வாரத்தில் இல்மரி அந்தப் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"பேரு பிடிக்கலன்னா இப்பவே சொல்லிடு" என்று ரீக்கா கேட்டுப் பார்த்தாள்.

"பிடிக்கலன்னு இல்ல. வேலைக்கு எழுப்புற மாதிரி இருக்கு."

"குழந்தைகிட்டப் பேசணும்னு நர்ஸ் சொன்னாங்கல்ல? உன் கிரேடர்கிட்ட நாள் பூரா பேசுற. இவகிட்டப் பேச மாட்டியா?"

"கிரேடர் பதில் சொல்லும்" என்றான் இல்மரி. ரீக்கா சிரிக்கவில்லை.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. பிர்ச் மரங்கள் மஞ்சளாகி, குன்று முழுக்கச் சிவந்துகிடந்தது. கொக்குக் கூட்டங்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தன. ரீக்காவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. ஜூலையிலிருந்து அவள் ஒரே மூச்சில் தூங்கியது அதிகபட்சம் இரண்டு மணி நேரம்.

"மூணு மணி நேரம் குடு. அவளக் கூட்டிட்டுக் குன்றுப் பக்கம் போயிட்டு வா. பழம் பறி, காப்பி குடி, என்ன வேணா பண்ணு. வீடு பத்திக்கிட்டா மட்டும் என்னை எழுப்பு."

குழந்தையோடு அவன் தனியாக வெளியே போவது அதுதான் முதல் தடவை. பீய்ச்சி வைத்த பால் இரண்டு புட்டி, டயப்பர், துடைக்கிற துணி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டினான். ரீக்கா குழந்தைக்கு ஆந்தைப் படம் போட்ட சாம்பல் நிற முழு உடுப்பைப் போட்டு, நெற்றி வரை தொப்பியை இழுத்துக் கட்டினாள். அரசாங்கம் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அனுப்புகிற அட்டைப்பெட்டியில் வந்த உடுப்பு அது. அந்த வருடப் பெட்டியில் ஆந்தை. அதனால் அந்த வருடம் பிறந்ததெல்லாம் ஆந்தைதான். டாக்டர் வீட்டிலும் ஆந்தை, மரம் வெட்டுகிறவன் வீட்டிலும் ஆந்தை. தள்ளுவண்டியும் அப்படியே. வசந்தத்தில் ஊர்க் கடையில் பாதி விலைக்குப் போட்டார்கள், சுற்றுப்பட்டில் வயிற்றைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஓடிப்போய் அதே கருநீலத்தை வாங்கினார்கள். நாங்கள் சிக்கனக்காரர்கள்.

ரீக்கா வண்டியின் கைப்பிடியில் சிவப்புக் கம்பளி நூல் ஒன்றைக் கட்டப் போனாள்.

"எதுக்கு இது?"

"அடையாளத்துக்கு."

"என் வண்டி எனக்குத் தெரியாதா?"

 ரீக்கா நூலைச் சுருட்டி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டுப் படுக்கப் போனாள்.

குன்றின் மேல் பனிச்சறுக்குக்காரர்களுக்காகக் கட்டிய மரக்குடில் ஒன்று இருக்கிறது. இலையுதிர் கால ஞாயிறுகளில் ஹெல்வி அங்கே டோனட் சுடுவாள். அவளுக்கு அறுபது வயது. ஊரில் யார் வீட்டில் எது நடந்தாலும் அவளுக்கு இரண்டாவதாகத் தெரிந்துவிடும். குடிலின் தெற்குச் சுவரோரம் வெயில் விழுகிற இடத்தில் தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. அவற்றில் இரண்டு கருநீலம். முகப்பில் வலை போட்டு மூடி, உள்ளே குழந்தைகள் தூங்கின. தூங்குகிற பிள்ளையைப் புகையும் இரைச்சலுமான அறைக்குள் தூக்கிக்கொண்டு போகிற பைத்தியக்காரர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. இல்மரியும் தன் வண்டியை மூன்றாவது கருநீலமாக வரிசையின் கோடியில் நிறுத்தி, பிரேக்கை மிதித்துவிட்டு உள்ளே போனான்.

"தனியாவா வந்த?" என்றாள் ஹெல்வி. "ரீக்கா உன்ன நம்பி விட்டாளா?"

"லைசென்ஸ் வெச்சிருக்கேன்."

"பேரு என்னப்பா? முதல் எழுத்த மட்டும் சொல்லேன். வெளிய விட மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை தெரியும்."

"இன்னிக்கும் ஞாயித்துக்கிழமைதான்."

டோனட்டில் பாதியைத் தின்றிருப்பான். கதவைத் திறந்து யாரோ தலையை நீட்டி, "வெளிய ஒண்ணு அழுவுது. கருநீல வண்டி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேசைகளில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். இல்மரி தன் வழக்கப்படி கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டினான். பலகைச் சுவருக்கு அப்பால் அந்த அழுகை கேட்டது. கரகரவென்று, நடுவில் ஒரு விக்கல் விழுந்து, மறுபடி மேலே ஏறுகிற அழுகை.

"என்னோடது இல்ல" என்றான் ஹெல்வியிடம். "என்னோடது முனகும். இப்பிடிக் கத்தாது."

அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. வீட்டில் குழந்தை முனகத் தொடங்கியதுமே ரீக்கா ஓடிப்போய்த் தூக்கிவிடுவாள். அது முழுதாக அழுது அவன் கேட்டதே இல்லை. ஆனால் தனக்கு அது தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியாது.

பக்கத்து மேசையிலிருந்து பருத்த ஆள் ஒருவன் எழுந்தான். ஏரிக்கு அக்கரையைச் சேர்ந்த கிம்மோ. வாரம் முழுக்க வடக்கே காட்டில் மரம் அறுக்கும் இயந்திரம் ஓட்டிவிட்டு, வார இறுதிக்கு மட்டும் வீட்டுக்கு வருகிறவன். "நம்ம பயலாத்தான் இருக்கும்" என்று மேல்சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் அழுகை வண்டிச் சக்கரச் சத்தத்தோடு சேர்ந்து தூரமாகப் போய்த் தேய்ந்தது. இல்மரி மீதி டோனட்டையும் தின்றுவிட்டு, விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கினான்.

அவன் வெளியே வந்தபோது இரண்டு கருநீல வண்டிகள் நின்றன. ஒன்றின் முகப்பில் முயல் பொம்மை ஆடியது. ஆகவே மற்றது அவனுடையது. வலைக்குள் ஆந்தை உடுப்பு, நெற்றி வரை தொப்பி, அசையாத தூக்கம். அவனுக்குப் பெருமையாக இருந்தது.

காட்டுப் பாதையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனால் அவன் வழக்கமாகப் பழம் பறிக்கும் மேடு வரும். பைன் மரங்களுக்குக் கீழே லிங்கன்பெர்ரி சிவப்பாகக் காய்த்துக் கிடந்தது. வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, சீப்புப் பல் வைத்த அள்ளுகரண்டியால் வாளிக்குள் அள்ளத் தொடங்கினான். தலைமயிருக்குள் கடமான் ஈக்கள் ஊர்ந்தன. வேறு ஆளரவம் இல்லை. அந்த அமைதிதான் அவன் வாயைத் திறக்க வைத்திருக்க வேண்டும்.

"பழம் நல்லாருக்கு இந்த வருஷம்" என்றான் வண்டியைப் பார்த்து. பதில் இல்லை. அது அவனுக்கு வசதியாக இருந்தது.

பிறகு அடைத்த மடையைத் திறந்துவிட்ட மாதிரி பேச்சு வந்தது. தன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். ஆயுசு முழுக்க அவர் மகனிடம் பேசியதெல்லாம் விறகைப் பற்றித்தான், எது காய்ந்தது, எது ஈரம் என்று. "நானும் அந்த ஆளு மாதிரியே ஆயிடுவேனோன்னு இருக்கு." குளிக்கவைக்கும்போது கை நடுங்குவதைச் சொன்னான். "ஆஸ்பத்திரில உன்னக் கையில குடுத்தாங்க. எல்லாரும் அழுவாங்களாம், சந்தோஷத்துல. எனக்கு ஒண்ணுமே வரல. பயம்தான் வந்துச்சு. ரீக்காகிட்ட இதச் சொல்லல. உங்கிட்டத்தான் சொல்றேன்." வாளி முக்கால்வாசி நிறைந்துவிட்டது. நாற்பத்து மூன்று வருடத்தில் இவ்வளவு பேச்சு அவன் ஒரே நாளில் பேசியதில்லை. பேசி முடித்ததும் உடம்பே லேசானது போல இருந்தது. வீட்டுக்குப் போனதும் ரீக்காவிடம் பீற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

குழந்தை விழித்தது. பால் புட்டியை வாயில் வைத்தான். ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சி முடித்தது. முகத்தைப் பார்த்தான். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் தினமும் மாறும் என்று ரீக்கா சொல்வாள், இன்றைக்கு நம் அண்ணன் சாயல் தெரிகிறது என்று எண்ணிக்கொண்டான். இத்தனைக்கும் அவன் முட்டாள் இல்லை. பத்து வாரமும் அந்த முகத்தைப் பயந்து பயந்து ஓரக்கண்ணால் பார்த்தவன், அவ்வளவுதான்.

ஏதோ நாற்றம் வந்தது. போர்வையை விரித்துக் குழந்தையைக் கிடத்தி, உடுப்பைக் கழற்றி, டயப்பரைத் திறந்தான்.

ஆண் குழந்தை.

முதலில் அவனுக்குத் தோன்றியதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பத்து வாரமாக நாம் சரியாகப் பார்க்கவில்லையோ என்றுதான் தோன்றியது.  அடுத்த நொடி காது அடைத்தது. கையில் துடைக்கிற துணியோடு அப்படியே மண்டியிட்டிருந்தான். பையன் அண்ணாந்து பார்த்துக் காலை உதைத்தான்.

குடில், கருநீல வண்டி, தூரமாகப் போன சக்கரச் சத்தம் எல்லாம் ஒன்றாக மூளைக்குள் வந்து மோதின. எப்படியோ பையனுக்கு டயப்பரை மாட்டி, உடுப்பைச் சுற்றி, வண்டிக்குள் வைத்தான். பழ வாளி அங்கேயே கிடந்தது. வேரும் கல்லுமான பாதையில் ஓடினான். மடியில் கனம் இல்லாதவன் ஓடுவது மாதிரி ஓடவும் முடியவில்லை, உள்ளே இருப்பது இன்னொருத்தர் பெற்ற பிள்ளை. வழியில் ஒரு தடவை நின்று கைபேசியை எடுத்தான். ரீக்காவின் பெயர் மேல் கட்டைவிரல் நின்றது. என்னவென்று சொல்வது? நம் குழந்தை எங்கே என்று தெரியவில்லை என்றா? பார்த்துத்தான் எடுத்து வந்தேன் என்றா? கைபேசியைப் பையில் போட்டுவிட்டு மறுபடி ஓடினான்.

குடில் வாசலில் மூன்று நான்கு பேர் நின்று புகைத்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் ஒரு வண்டியும் இல்லை. ஹெல்வி மேசை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஹெல்வி, இது என்னோடது இல்ல."

"எது?"

"குழந்த."

ஹெல்வி துணியைக் கையில் பிடித்தபடியே வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "என்னப்பா சொல்ற? ஆந்த உடுப்புத்தான போட்டிருக்கு."

"பையன், ஹெல்வி. இது பையன்."

 ஊர்ச் செய்தி முழுதும் தெரிந்த அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, வந்தவர்கள் பேர் எழுதுகிற குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினாள். 'கிம்மோ, மகனோடு முதல் உலா. வெயில் அருமை' என்று எழுதியிருந்தது. எண் இல்லை. "அக்கரை ஆளு. அவன் பொண்டாட்டி பேரு நீனா. எங்கயாவது நம்பர் இருக்கும், இரு, இரு..." என்று அவள் தடுமாறும்போதே வண்டிக்குள்ளிருந்து கைபேசி அடித்தது. கிம்மோ விட்டுப்போன கைபேசி, மெத்தைக்கு அடியில் கிடந்தது. எடுத்தான்.

"யாரு பேசுறது?" ஒரு பெண் குரல். மூச்சு வாங்கியது.

"இல்மரி."

"என் பையன் உங்ககிட்ட இருக்கானா?"

"இருக்கான். பால் குடிச்சான். நல்லா இருக்கான்."

 அந்தப் பக்கம் அவள் அழுகிறாள் என்று புரிந்தது. "உங்க பொண்ணு இங்க இருக்கா. இந்த மனுஷன் நடைபாலம் வழியா வண்டியத் தள்ளிட்டு வந்து முற்றத்துல வுட்டுட்டு, பையன் இன்னிக்கு ரொம்ப அழுறான்னு எங்கிட்டச் சொல்றான். பொறந்ததுலருந்து வாரத்துக்கு ரெண்டு நாள் பாத்தா இப்பிடித்தான். குடில்லதான இருக்கீங்க? அங்கயே இருங்க. வந்துட்டே இருக்கோம்."

"அவ எப்பிடி இருக்கா?"

"அழுதுட்டே இருக்கா. வந்ததுலருந்து."

இருபது நிமிடம். இல்மரி முற்றத்தில் நின்றான். பையன் சிணுங்கியபோது தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான், கை நடுங்கவில்லை. அதைக்கூட அவன் கவனிக்கவில்லை. ஏரியைச் சுற்றி வருகிற சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேகமாக ஓட்டி எங்கேயாவது புரட்டிவிடுவார்களோ, அந்த வளைவில் போன வாரம்தானே சரளை கொட்டினோம் என்று நினைத்துக்கொண்டான்.

கார் மரங்களுக்கு நடுவே தெரிவதற்கு முன்னாலேயே காதில் விழுந்தது. ஆனால் அவன் காதில் முதலில் விழுந்தது என்ஜின் இல்லை. ஏற்றிவிட்ட கண்ணாடிக்குள்ளிருந்து அந்த அழுகை வந்தது. கரகரவென்று, நடுவில் ஒரு விக்கல் விழுந்து, மறுபடி மேலே ஏறுகிற அழுகை. அது அவனுக்குத் தெரியும். டோனட்டைக் கீழே வைத்துவிட்டு, காதைத் தீட்டிக் கேட்டு, என்னோடது இல்லை என்று சொன்ன அதே அழுகை.

பையனை ஹெல்வியின் கையில் கொடுத்துவிட்டு ஓடினான். கார் நிற்கக்கூட இல்லை.

"ஆமு! ஆமு!"

முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நீனா கதவைத் திறந்து ஆமுவை அவனிடம் நீட்டினாள், அதே கையோடு ஹெல்வியிடமிருந்து தன் மகனை வாங்கிக்கொண்டாள். ஆமு வாயை மூடவில்லை. இன்னும் ஓங்கித்தான் அழுதாள். அவன் அந்தச் சின்ன முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தான். இந்த மூக்கா, இந்தக் கன்னமா, இதையா தெரியாமல் போயிற்று என்று அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

கிம்மோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இறங்காமலே உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. கடைசியில் கண்ணாடியை இறக்கி, "நீ வீட்ல சொல்லிட்டியா?" என்று மெல்லக் கேட்டான்.

"இல்ல. சொல்லப் போறேன்."

"சொல்லித்தான் ஆகணுமா?"

"அவரு சொல்லுவாரு, நீ வாய மூடு" என்றாள் நீனா.

ஹெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேரு என் காதுல விழல" என்றாள். அவள் வாழ்க்கையில் சொன்ன ஒரே நல்ல பொய் அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டில் ரீக்கா அப்போதுதான் எழுந்திருந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. "செத்த மாதிரி தூங்கினேன்" என்று சிரித்தாள். "நல்லா இருந்தாளா? பழம் எங்க?"

இல்மரி நின்றபடியே சொன்னான். ஐந்தாறு வாக்கியம்தான், காட்டில் பையனிடம் பேசியதும் அதில் ஒன்று. அவள் முகத்தில் ரத்தம் வடிந்துபோவதைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ரீக்கா குழந்தையைப் பிடுங்கி, சாப்பாட்டு மேசையில் கிடத்தி, உடுப்பு முழுவதையும் அவிழ்த்தாள். விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள். முதுகைத் திருப்பிப் பார்த்தாள். 

"எவ்வளவு நேரம்?"

"ஒண்ணே முக்கால் மணி."

"அழுதாளா?"

அவன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் அதைக் கேட்டும் மறுத்தது தெரிந்தவள் ஹெல்வி ஒருத்திதான், அவள் அன்றைக்குப் பொய் சொல்லத் தயாராக இருந்தாள். "அழுதா" என்றான். "நான் உள்ள உக்காந்து கேட்டேன். நல்லாக் கேட்டேன் ரீக்கா. கேட்டுட்டு, என்னோடது இல்லன்னு சொன்னேன்."

ரீக்கா நெடுநேரம் அவனைப் பார்க்கவில்லை. குழந்தைக்கு மெதுவாக உடுப்பை மாட்டினாள். அழுகையா கோபமா என்று தெரியாத குரலில் கேட்டாள். "காட்டுல அந்தப் பையன்கிட்டப் பேசினேன்னியே. என்ன பேசின?"

"என்னென்னவோ."

"உக்காரு. இவகிட்டச் சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு."

அவன் உட்கார்ந்தான். ரீக்கா குழந்தையை அவன் மடியில் வைத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போகிறவள் மாதிரி திரும்பி நின்றாள். ஆனால் குழாயைத் திறக்கவில்லை.

"ஆமு" என்று ஆரம்பித்தான். "எங்கப்பா விறகப் பத்தி மட்டும்தான் பேசுவாரு." நிறுத்தினான்.  "உன்னக் கையில குடுத்தப்ப எனக்குச் சந்தோஷம் வரல. பயந்துட்டேன். இன்னிக்கு நீ இல்லாம..."

ஆமு முகத்தைச் சுளித்தாள். முனகல் வந்தது. ரீக்காவின் கை பழக்கத்தில் நீண்டது, பாதியிலேயே நின்றது.

"நான் தூக்க மாட்டேன்" என்றாள். "நீ கேளு. நல்லாக் கேட்டு வெச்சுக்க."

முனகல் அழுகையாயிற்று. கரகரவென்று, விக்கல் விழுந்து, மேலே ஏறி, வீடு முழுக்க நிறைந்தது. என்ஜின் பக்கத்தில் நிற்கிறவனைப் போல இல்மரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மூடிய இமைக்கடியிலிருந்து நீர் வழிந்து தாடைக்கு இறங்கியது. ரீக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பொறுத்து நின்றாள்.

பிறகு அவன் கண்ணைத் திறந்தான்.

"பசி இல்ல. தூக்கச் சொல்றா" என்று எழுந்து, மகளைத் தோளில் போட்டுக்கொண்டான்.